விண்கப்பலில் பேசிய பேச்சு

கல்யாணமாகி அறந்தாங்கிப் பக்கம் மாமியார் வீட்டுக்கு வந்த புதிதில், என் கணவர் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது கம்ப்யூட்டர் விளையாட்டில் விண்கப்பல் ஓட்டத்தான். குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார். கம்ப்யூட்டரும் அதோடு சேர்ந்த ஜாய்ஸ்டிக்கும் அவர் ஆசைப்பட்டு வாங்கியவை. அந்த விளையாட்டில் சண்டை போடலாம், சரக்கு ஏற்றலாம், பாறையை உடைத்துக் கனிமம் எடுக்கலாம். எனக்குப் பிடித்தது பயணிகளை ஏற்றி இறக்குவது மட்டும்தான். "பி.இ. படிச்சிட்டு பஸ் ஓட்டுறேங்குறியே" என்று சிரித்தார். ஓட்டினால் என்ன, குறைந்தா போய்விடுவேன்?

லீவு முடிந்து போன பிறகும் கொஞ்ச நாள் அங்கிருந்து லேப்டாப்பில் என்னோடு சேர்ந்து ஓட்டினார். பிறகு நைட் ஷிப்ட் போட்டுவிட்டார்கள், பகலில் தூங்க வேண்டும், இனிமேல் முடியாது என்றார். அவர் இடத்துக்கு என் நாத்தனார் வந்தாள். அவருடைய தங்கை, காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள். மத்தியானம் சாப்பிட்டு மாமியார் கண்ணயர்ந்ததும் நாங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு கப்பல் ஏறிவிடுவோம். நான் டிரைவர், அவள் கண்டக்டர்.

ஸ்டேஷனில் ஒரு போர்டு இருக்கும். யார் எங்கே போகக் காத்திருக்கிறார்கள் என்று அதில் தெரியும். சுற்றுலா போகிறவர்கள், போரில் வீடு வாசலை இழந்தவர்கள், போலீஸ் கண்ணில் படக்கூடாத ஆசாமிகள், எல்லாரும் உண்டு. "அண்ணி, இந்தாளு மூஞ்சியே சரியில்ல, ஏத்தாதீங்க" என்பாள் நாத்தனார். அவனைத்தான் நான் முதலில் ஏற்றுவேன்.

பணக்காரப் பயணிகள்தான் படுத்தி எடுப்பார்கள். பாதி வழியில், எனக்கு இன்ன மது வேண்டும், வாங்கி வா என்று செய்தி வரும். கிடைக்கவில்லை என்றால் கோபித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அப்படி ஒரு அம்மாள் ஏறினாள். பாயசத்தில் முந்திரி இல்லை என்று பந்தியிலிருந்து எழுந்து போகிற சம்பந்தியம்மா மாதிரி இருக்கிறாள் என்றேன். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து தகராறு பண்ணுகிற பயணி எல்லாருமே எங்களுக்குச் சம்பந்தியம்மாதான். உண்மையில் என் மாமியாரை மனதில் வைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அதையும் அவளிடம் ஒளிக்கவில்லை. அவள் இன்னும் கூடுதலாகச் சிரித்தாள்.

சில ஸ்டேஷன்கள் வெகு தொலைவில் இருக்கும். கப்பலின் மூக்கை நேராக வைத்துவிட்டால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நமக்குச் செய்ய ஒன்றும் இருக்காது, பேச்சுதான். அந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேசிய இடம் அது ஒன்றுதான். சமையலறையில் பேசினால் கூடத்துக்குக் கேட்கும், கூடத்தில் பேசினால் தெருவுக்கே கேட்கும். கப்பலுக்குள் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அப்படி ஒரு நீளப் பயணத்தில்தான் திருச்சி வேலையைப் பற்றிச் சொன்னேன். ஒரு கம்பெனியில் ஆன்லைனில் இன்டர்வியூ முடிந்து, திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். ஹாஸ்டலில் தங்க வேண்டும். படித்த படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை.

"வெள்ளிக்கிழமை ஒங்க அண்ணனுக்கு லீவு. நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் மூச்சு விடாத" என்றேன்.

"ச்சே, நான் போயி சொல்லுவனா அண்ணி" என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் கட்டுமாவடிக் கடல் மீன் வாங்கிக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து மாமியார், "திருச்சிக்குப் போறவளுக்கு மீன் கழுவத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன" என்றார். கையைத் துடைப்பதற்குள் என் அப்பா போனில் வந்தார். "மாப்பிள்ள ரொம்ப வருத்தப்படுறாரும்மா. இப்ப எதுக்கு வேல? பேசாம இரு" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே பஞ்சாயத்து கூடித் தீர்ப்பும் சொல்லி முடித்திருந்தது.

பிறகு என் கணவரே கூப்பிட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு ஒனக்குத் தோணல?"

"நாளைக்குச் சொல்லலாம்னுதாங்க இருந்தேன்."

"ஆமா, சம்பந்தியம்மாவ எறக்கி விட்டுட்டு அப்பறமாச் சொல்லுவ."

போனை வைத்த பிறகுதான் அந்த வார்த்தை உறைத்தது. அவர் விளையாட்டை விட்ட பிறகு நாங்கள் வைத்த பெயர் அது. ஒருநாள்கூட அவரிடம் நான் சொன்னதில்லை. நேரே நாத்தனாரிடம் போய், "எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் ஒண்ணுமே சொல்லல அண்ணி. அண்ணன் அதோட காதாலயே கேட்டுச்சு."

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். நாங்கள் கப்பல் ஏறும்போதெல்லாம் அண்ணனுக்குப் போன் போட்டு, பேசாமல் மானிட்டர் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிடுவாளாம். "அண்ணந்தான் வைக்கச் சொல்லுச்சு. ரூம்ல தனியாப் படுத்திருக்கேன், வீட்டுச் சத்தம் கேட்டாப் போதும்னுச்சு. அண்ணிக்குத் தெரிய வேணாம்னுச்சு. பாவமா இருந்துச்சு."

"எப்பலேருந்து?"

"நைட் ஷிப்ட் போனதுலேருந்து."

அடிப்பாவி. அப்படியானால் முதல் நாளிலிருந்தே. அவர் அம்மாவைப் பற்றி நான் சொன்னது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எனக்குக் கல்யாணம் பேசிய என் அப்பாவைப் பற்றிச் சொன்னது, அவர் விமானம் ஏறிய அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததைச் சொன்னது, எல்லாம் அங்கே ஒரு கட்டிலில் படுத்துக் கேட்டிருக்கிறார். நாத்தனார் கோள் மூட்டியிருந்தால்கூட நாலு நாள் பேசாமல் இருந்து ஆறியிருப்பேன். இதற்கு எப்படி ஆறுவது? தெருவில் துணி இல்லாமல் நின்றதுபோலக் கூசியது.

அன்று மத்தியானமும் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நாத்தனார் வாசலிலேயே நின்றாள். "வா. தெனமும் மாதிரி போனப் போட்டு வையி" என்றேன். போட்டாள். நான் போனை நிமிர்த்தி வைத்தேன். பயணிகளை ஏற்றிக்கொண்டு கப்பல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தது.

"என்னங்க, கேக்குதா?" என்றேன்.

அவர் அறையில் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது.

"கேக்கும்னு தெரியும். எங்க அப்பாகிட்டயும் அத்தகிட்டயும் நீங்க பேசிட்டீங்க. என்ன மட்டும்தான் ஒரு வார்த்த கேக்கல. நான் திங்கக்கிழமை வேலைக்குப் போறேன்."

அப்போதுதான் அவர் குரல் வந்தது. "நீ சிரிக்கிறதக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார்.

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானே பேசியிருப்பேனே. எதுக்குத் திருட்டுத்தனமா?"

"நான் கேக்குறேன்னு தெரிஞ்சிருந்தா நீ இப்புடிச் சிரிச்சிருக்க மாட்ட."

எனக்கு அழுகைதான் வந்தது. அவர் சொன்னது நிஜம். அது தெரிந்தேதான் செய்திருக்கிறார். கப்பலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை போய், அங்கிருந்து திருச்சிக்கு மாறினேன். வழியனுப்ப யாரும் வரவில்லை. இப்போது வேலையில் இருக்கிறேன். அவர் தினமும் கூப்பிடுகிறார், நானும் எடுத்துப் பேசுகிறேன். சாப்பிட்டாயா என்பார், சாப்பிட்டேன் என்பேன். போன வாரம், "தங்கச்சிகிட்டப் பேசுவியே, அந்த மாதிரி எங்கிட்டயும் பேசேன்" என்று கெஞ்சினார். சரிங்க என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தேன். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்து அவரே போனை வைத்துவிட்டார்.