விட்டுராத என்று கத்தியவன்

இரண்டு வருடங்களுக்கு முன், கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். குளச்சலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கடற்கரை. காற்றடைத்த பெரிய டியூபில் ஆளைப் படுக்கவைத்து, மோட்டார் படகில் கட்டி இழுத்துப் போகும் விளையாட்டு அந்த விடுமுறைக்கு அங்கே வந்திருந்தது. என் மனைவியின் தம்பி வளைகுடாவில் வெல்டர். ஒரு மாத லீவில் வந்திருந்தான். “ஒரு ரவுண்டு போவோம் அத்தான்” என்றான்.

நாங்கள் அருமனைப் பக்கம், ரப்பர் தோட்டத்து ஆட்கள். கடலைப் பற்றி நான் படித்த புத்தகங்களை அடுக்கினால் இடுப்பு உயரம் வரும். கடலில் நான் இறங்கியதும் அந்த உயரம் வரைதான்.

படகுக்காரர் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். டியூபின் பிடிக்கயிற்றைக் காட்டி, “கயித்த கையில சுத்தப்பிடாது, கேட்டியளா? சும்மா பிடிச்சா போதும். கவுந்தா உடனே விட்டுரணும்” என்றார். பிறகு, படகில் ஏறியிருந்த என்னிடம், “நான் முன்னால பாத்து ஓட்டணும். சாரு பின்னால பாத்துக்கிடணும். அவரு கைய உயத்துனா நிறுத்தச் சொல்லி சத்தம் போடுங்க.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “மாடு பிடிச்சு வளந்த பயலாக்கும் இவன். கயிறு பிடிக்க நீரு சொல்லிக் குடுக்கணுமா?” என்றேன். முரண்டும் மாட்டைப் பிடிக்கிறவன் கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். மச்சினனும் சிரித்துக்கொண்டே அப்படியே சுற்றினான். படகுக்காரர் மறுபடி ஏதோ சொல்ல வந்தார். “படக எடும் வே” என்றேன்.

நான் பின்னால்தான் பார்த்தேன். ஆனால் செல்போன் வழியாக. வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு திருப்பத்தில் டியூப் கவிழ்ந்தது. கயிறு சுற்றிய வலதுகை அதோடு மாட்டிக்கொள்ள, அவன் தண்ணீருக்குள் இழுபட்டான். இடதுகை மேலே எழுந்தது. எனக்கு அது உற்சாகமாகத் தெரிந்தது. “விட்டுராத மக்கா, பிடிச்சுக்க!” என்று கத்திச் சிரித்தேன். படகுக்காரர் சந்தேகப்பட்டுத் தானே திரும்பிப் பார்த்து இன்ஜினை அணைத்தார். அதற்குள் பத்து எண்ணும் நேரம் ஆகியிருக்கும்.

கயிறு இறுகி ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. தோள் மூட்டு இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவன் கேட்டது ஒன்றுதான்: “திரும்ப வேலைக்குப் போலாம்லா அத்தான்?”

தோள் சரியானது. வெல்டிங் பிடி கையில் நிற்கவில்லை, விசா போயிற்று. இப்போது புதுக்கடை என்கிற ஊரில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறான். கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தி வரை காத்திருந்து, மூலையில் உட்கார்ந்து இடதுகையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறான். நானும் காத்திருந்து பக்கத்தில் உட்காருகிறேன். “அத்தான் எதுக்கு பட்டினி கெடக்கியோ? நேரத்தே சாப்பிட்டிருக்கலாம்லா” என்கிறான். ஒரு முறைகூட என்னைக் குறை சொன்னதில்லை. அதனால் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

கடலில் பிழைக்கிறவர் சொல்வதைக் கேட்க வேண்டும், பின்னால் பார்க்கச் சொன்னால் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இன்னொருவன் விரல்கள் போய் நான் தெரிந்துகொண்ட இதைப் பாடம் என்று சொல்லிக்கொள்ள இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.