மெர்லுக்கு வாயடைத்த ஞாயிற்றுக்கிழமைகள்

தென் ஆஸ்திரேலியக் கடலோர ஊரான மூன்டாவில் மெர்லுடைய வாயில் அகப்படாத ஆள் கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில் அவள் ஓட்டியது பாதி, பேசியது பாதி. இறைச்சிக் கடையில் அவள் அரைக் கிலோ சாசேஜ் வாங்கி முடிப்பதற்குள் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். முணுமுணுத்தால் அதைப் பற்றியும் பேசுவாளே!

ஓய்வு பெற்றதும்தான் வினை வந்தது. வீட்டில் இருப்பது கணவர் கிளெம் ஒருவர்தான். தங்கமான மனிதர், குறை சொல்ல முடியாது. ஆனால் மெர்ல் வாயைத் திறந்ததும், காதில் மாட்டியிருக்கும் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பத்திரிகையை விரிப்பார். அதையும் மரியாதையோடுதான் செய்வார்.

அமெச்சூர் ரேடியோ என்று ஒன்று இருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரியவந்தது. சொந்தமாக ஒரு பெட்டி, மாடியில் ஒரு கம்பி, முன்பின் பார்த்திராத ஆட்களோடு அரட்டை. "பேசறதுக்குன்னே அரசாங்கம் லைசென்ஸ் குடுக்குதா? இத்தனை நாளா ஒருத்தராவது சொன்னீங்களா?" என்று ஊரையே திட்டினாள். உட்கார்ந்து படித்தாள், முதல் தடவையிலேயே தேறினாள். ரேடியோவில் பேசும்போது பெயருக்குப் பதிலாகச் சொல்ல வேண்டிய, விகே ஃபைவ் என்று தொடங்கும் அழைப்புக்குறியும் வந்து சேர்ந்தது. மழைத் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்து ஆன்டெனாவைக் கட்டிக்கொடுத்தார் கிளெம்.

பிறகு பேசுவதற்காக மைக்கின் பொத்தானை அழுத்தினாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஞாயிறு காலையில் அந்தக் கடற்கரைப் பக்கத்து ரேடியோக்காரர்கள் எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். நடத்துகிறவர் பக்கத்து ஊரான கடீனாவில் இருக்கும் லின்ட்சே பெங்கெல்லி, ஓய்வுபெற்ற தபால்காரர். "புதுசா யாராவது இருந்தா கூப்பிடுங்க" என்று அழைத்துவிட்டுக் காத்திருப்பார். மெர்ல் மைக்கின் பொத்தானை அழுத்துவாள், பிறகு விட்டுவிடுவாள். மறுமுனையில் ஒரு 'க்ளிக்' மட்டும் கேட்கும். "யாரோ கதவத் தட்டிட்டு ஓடிப்போறாங்க" என்று சிரிப்பார் லின்ட்சே.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பேச்சு என்றால் அவளுக்கு எதிரே ஒரு முகம் வேண்டும், கொட்டாவி விடுகிற முகமானாலும் பரவாயில்லை. இங்கேயோ பொத்தானை அழுத்தியிருக்கும் வரை எதிராளியின் மூச்சுக்கூடக் கேட்காது. விரலை எடுத்தால்தான் பதில் வரும். குறுக்கே விழுந்து பேச ஆளில்லாத பேச்சு அவளுக்குப் பழக்கமே இல்லை.

இறைச்சிக் கடைக்காரன் விடுவானா? "என்ன மெர்ல், லைசென்ஸ் குடுத்து உன் வாயை மூடிட்டாங்களாமே! நாங்க இத்தனை வருஷமா சாசேஜ் குடுத்துப் பாத்தோம், முடியலையே."

கடையே சிரித்தது. மெர்லும் சிரித்து வைத்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து அழுதாள். "இந்த ஞாயித்துக்கிழமையும் பேசலேன்னா பெட்டிய வித்துடறேன். எனக்கு இது ஒண்ணுதான் மிச்சம்னு நெனச்சேன்" என்றாள். கிளெம் தலையை ஆட்டினார், காதுக் கருவி மேசைமேல் இருந்தது.

ஞாயிறும் வந்தது. இறைச்சி அடைத்த பாஸ்டிகளை ஓவனில் வேக வைத்துவிட்டு மைக்கை எடுத்தாள். லின்ட்சே அழைத்தார். க்ளிக். அவ்வளவுதான். பிறகு வழக்கம்போல லின்ட்சே வானிலை சொன்னார், வாலரூவிலிருந்து டகல் என்பவர் தன் கோழிகளைப் பற்றிச் சொன்னார், கூட்டம் கலைந்தது.

மெர்ல் மைக்கை நாற்காலிமேல் எறிந்தாள். ஆத்திரத்தில் போய் அதன் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். மெத்தையும் கனம், அவளும் கனம், பொத்தான் அமுங்கிக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் பெட்டியில் எரிந்த சிவப்பு விளக்கை அவள் பார்க்கவில்லை.

"முடிஞ்சுது கிளெம். வித்துடு. யாருக்கு வேணும் இந்தக் கூட்டம்? அந்த லின்ட்சே இருக்கானே, மழையே பெய்யலங்கறத விடாம மழை மாதிரி கொட்றான்! டகல் வீட்டுக் கோழி ஒவ்வொண்ணுக்கும் என்ன சீக்குன்னு எனக்குத் தெரியும். அவன் பொண்டாட்டி பேர் என்னன்னு ஒருநாள் சொன்னானா, படுபாவி?"

கிளெம் பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பினார்.

"அவங்களாவது பேசறாங்க. பஸ்ஸுல பிள்ளைங்க ஒண்ணுக்கு ரெண்டா எதுத்துப் பேசும், எவ்வளவு நல்லாருக்கும் தெரியுமா? இப்ப யாரு எனக்குப் பதில் சொல்றா? இன்னிக்குக் காலையில பாஸ்டி மாவுகிட்ட, நல்லாத் தூங்குனியான்னு கேட்டேன் கிளெம். மாவுகிட்ட! பேசப் பயமா இருக்கு, பேசாம இருந்தா அதவிடப் பயமா இருக்கு."

தீயும் வாசனை வந்தது. துள்ளி எழுந்தாள். பொத்தான் விடுபட்டது.

பெட்டி வாயைத் திறந்தது. கூட்டம் கலைந்த பிறகும் பெட்டியை அணைக்காமல் உட்கார்ந்திருப்பது அந்த ஆட்களின் வழக்கம்.

"அப்பாடா, மைக் மேல உக்காந்தவங்க எழுந்தாச்சு!" என்றது லின்ட்சேயின் குரல். "கிளெம்னு கூப்பிட்டீங்களே, மூன்டா மெர்லுங்களா? சிக்னல் பிரமாதம். மழை விஷயத்த நான் ஒத்துக்கறேன். அழைப்புக்குறி சொல்லாததுதான் ஒரே தப்பு. சட்டம் சட்டந்தான்."

மெர்ல் பெட்டியைப் பார்த்தாள், நாற்காலிமேல் நசுங்கிக் கிடந்த மைக்கைப் பார்த்தாள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

"டகல் பேசறேன். என் பொண்டாட்டி பேரு ஐலின். இங்கதான் வயித்தப் புடிச்சிக்கிட்டு உருள்றா. உங்ககூட உடனே பேசணுமாம்."

மறுபடி லின்ட்சே. இப்போது குரலில் சிரிப்பில்லை. "யாரும் பதில் சொல்லலேன்னீங்களே. நீங்க பொத்தான விட்டாத்தானேம்மா சொல்ல முடியும்? இங்க ஆறேழு பேரு எழுந்து போகாம காத்துக்கிட்டிருக்கோம். முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?"

ஓவனிலிருந்து புகை வந்தது. மெர்ல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்து, அழுத்தி, அழைப்புக்குறியை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். குரல் நடுங்கியது, ஆனால் வந்தது.

"இன்னும் நெறைய இருக்கு" என்றாள். "மொதல்ல ஐலின் சொல்லட்டும்."

விரலை எடுத்தாள்.