அழித்த கடைசிப் பத்து நிமிடம்

நளீம் நானாவைப் பற்றி மாத்தளை டவுனில் யாரிடம் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். ரத்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் கராம்பும் மிளகும் வாங்கி விற்கிறவர். நிறுவையில் ஏமாற்றத் தெரியாத மனுஷன். அதைவிடப் பெரிய பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. மனைவி குவைத்தில் மவுத்தான பிறகு இன்னொரு கலியாணம் கட்டாமல், ஒற்றை மகளைத் தனியாளாக வளர்த்து ஆளாக்கியவர் என்பார்கள். ஊர் அப்படி மெச்சும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். ஊர் அதை அடக்கம் என்று நினைத்தது. ஊருக்கென்ன, நினைப்பதற்குக் காசா பணமா?

அந்த மனைவி ஹவ்வா சாகவில்லை. அவர்கள் கலேவெலயில் குடியிருந்தபோது வீட்டு வேலைக்கென்று குவைத் போனாள். மகள் ஜெஸ்லாவுக்கு அப்போது நாலு வயது. ஒரு வருடம் போல ஒழுங்காகக் கடிதம் வந்தது. பிறகு எட்டு மாதம் ஒன்றுமே இல்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? யாரோடோ போய்விட்டாள் என்றார்கள். நளீமுக்கு ரோஷம் தலைக்கேறியது. மகளைத் தூக்கிக்கொண்டு மாத்தளைக்குக் குடிவந்தவர், உம்மா மவுத்தாகிவிட்டா என்று பிள்ளையிடமும் அக்கம்பக்கத்திலும் சொல்லிவிட்டார்.

சில மாதம் கழித்து ஹவ்வா விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து கேற்றடியில் நின்றாள். கடிதம் போட விடாமல் வேலை வீட்டில் அவளைப் பூட்டி வைத்திருந்தார்களாம். பிள்ளை மதரஸாவுக்குப் போயிருந்த நேரம் அது. நளீம் அவளை வாசலோடு திருப்பி அனுப்பினார். பிள்ளையிடம் சொன்ன பொய்யை எப்படித் திரும்ப விழுங்குவது?

அந்த வாரம்தான் அவர் வீடியோ டெக்கில் ஒரு கார்ட்டூன் படம் பதிந்து வைத்திருந்தார். பெருநாள் லீவுக்கு டீவியில் போட்டது, அரை மணி நேரப் படம். போட்ட அன்று காய்ச்சலில் படுத்திருந்ததால் ஜெஸ்லா அதை இன்னும் பார்த்திருக்கவில்லை. தாய் அணில் ஒன்று தீனி தேடிப் பனிமலைக்கு அப்பால் போகிறது. குட்டி பொந்தில் காத்திருக்கிறது. கடைசியில் தாய் திரும்பி வருகிறது. ஹவ்வா வந்துபோன அன்று பின்னேரமே நளீம் அந்தக் கெசட்டை எடுத்து, கடைசிப் பத்து நிமிடத்தின் மேல் சிங்கள நியூஸைப் பதிந்துவிட்டார். ஜெஸ்லா நூறு தடவை அந்தக் கெசட்டைப் பார்த்தாள். நூறு தடவையும் குட்டி அழும்போது நியூஸ் வந்தது. படம் அவ்வளவுதான் மகள் என்று சொல்லிவிடுவார்.

இப்போது ஜெஸ்லாவுக்கு முப்பத்திரண்டு வயது. முதல் பிரசவத்துக்கு வாப்பா வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஏழு மாதம். தோஹாவிலிருந்து புருஷன் அனுப்பிய பார்சலில் ப்ளூரே டிஸ்க் ஒன்றும், அதைப் போடுகிற பெட்டியும் இருந்தன.

“வாப்பா, நம்மட அணில் படம்! பழைய படத்தையெல்லாம் கிளீன் பண்ணி, பளிச்செண்டு விட்டிருக்காங்க. வாங்க, சேந்து பார்ப்போம்.”

நளீம் தலைவலி என்றார். கடைக்குப் போகணும் என்றார். மகள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். வெளியே மழை கொட்டியது. லேசாகத் தூறினாலே போகிற கரண்ட், அன்றைக்கென்று பார்த்து அசையவில்லை.

கெசட்டில் பச்சையாகக் கலங்கிக் கிடந்த அணிலுக்கு இப்போது வால் மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வரைந்தவனின் பென்சில் கோடுகூடத் தெரிந்தது. குட்டி தனியே அழுகிற ராக்காட்சி வந்தது. கெசட்டில் அது வெறும் கறுப்பு. இங்கே குட்டிக்குப் பின்னால் மலை, மலையில் பனி, எல்லாம் துலக்கமாக இருந்தன.

“அந்த மலையில ஏதோ அசையிது, வாப்பா.”

“எங்க மகள்? ஒண்டும் இல்லையே.”

சின்னப் புள்ளி ஒன்று மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. குட்டி அழுத நேரம் முழுக்க அது வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. ரிமோட் ஜெஸ்லாவின் மடியில் இருந்தது. அதைப் பிடுங்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் நளீமால் முடியவில்லை. நியூஸ் வரவேண்டிய இடத்தில் நியூஸ் வரவில்லை. தாய் அணில் வந்தது.

ஜெஸ்லா கைதட்டிச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது.

“டெக் நம்மட ஊட்டுலதானே ஈந்த? அந்த நியூஸைப் பதிஞ்சது யாரு?”

“நான்தான் மகள். நீ காத்துக்கிட்டே ஈப்பாய் எண்டு பயந்துட்டேன்.”

“என்னத்துக்குக் காக்குற? உம்மா மவுத்து எண்டு எனக்குத் தெரியும்தானே. மவுத்தானவங்க வரமாட்டாங்க எண்டும் தெரியும்.”

இருபத்தாறு வருடமாகப் பொய் சொல்லிப் பழகிய வாய் அது. ஆனால் இப்போது பாவி மனுஷனுக்கு அழுகைதான் வந்தது.

“வந்தா, மகள். ஒங்கட உம்மா. நீ ஓதப் போயிருந்தாய். கேற்றடிக்கு வந்தா.”

ஜெஸ்லா ரிமோட்டை அமத்திப் படத்தை நிறுத்தினாள்.

“இப்ப? மவுத்தாகல்லையா? ஹயாத்தோட ஈக்கிறாங்களா?”

“கலேவெலயில. அவட கூடப்பொறந்த நானாட ஊட்டுல.”

பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம்கூட இல்லை. இத்தனை வருடமும் அவ்வளவு தூரம்தான். ஜெஸ்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தாங்கப் போன நளீமின் கையைத் தள்ளிவிட்டாள்.

“அவ்வளவு தூரம் வந்தவங்க என்னப் பார்க்காம எப்பிடித் திரும்பிப் போனாங்க? என்ன சென்னீங்க?”

நளீம் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“ஒனக்கு அவளப் பார்க்க விருப்பமில்லை எண்டு சென்னேன்.”

“எனக்கு அப்ப ஆறு வயசு, வாப்பா,” என்றாள் ஜெஸ்லா.