எட்டாவது கேள்விக்கு அக்காவின் விடை

அக்கா இல்லாத முதல் ஆண்டுப் பூசைக்கு வந்து, இந்த நினைவுமலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே,

அக்கா அரிப்பு என்னும் கடலோர ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் கடைசி. அம்மா கண்மூடியபோது எனக்கு நாலு வயது, அக்காவுக்குப் பதினாறு. அன்று அவர் இடுப்பில் ஏறியவள் இறங்க நெடுங்காலம் எடுத்தது. போரில் ஊர் ஊராய் இடம்பெயர்ந்தோம். மன்னாருக்கு வந்து சேர்ந்தபின் அக்காவுக்குக் கருவாட்டு வாடியில் வேலை கிடைத்தது. காலை முதல் பொழுது சாயும்வரை நின்றபடியே மீனை வெட்டி, கழுவி, உப்பிட்டு, காயப்போடுவார். கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "தங்கச்சி படிச்சு முடியட்டும்" என்றார். நான் படித்து ஆசிரியை ஆனேன். நின்றவை அவருடைய கால்கள். இருந்து படித்தவள் நான்.

அப்படி நின்று நின்று நரம்பு புடைத்த இடது காலில், கணுக்காலுக்கு மேலே ஒரு மீன்முள் கீறியது. சின்னக் கீறல். அது மூடவில்லை. மூடுவதுபோல் வரும், பிறகு உடையும். பதினொரு வருடம்.

செவ்வாய்க்கிழமைகளில் கிளினிக். தாதி மிஸ்ஸி கண்ணாடித்தாள் ஒன்றைப் புண்ணின்மேல் பிடித்து, விளிம்பைப் பேனையால் வரைந்து அளப்பார். அக்கா எட்டிப் பார்ப்பார்.

"இந்தமுறை இலங்கைப் படம் மாதிரியே வந்திருக்கு மிஸ்ஸி. மன்னாரைத்தான் விட்டிட்டியள்."

ஒருநாள் தாதியர் பயிற்சி மாணவி ஒருத்தி கேள்வித்தாளுடன் வந்தாள். புண்ணோடு வாழ ஆள் எவ்வளவு பழகியிருக்கிறார் என்பதை அளக்கும் தாள். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை', 'சிலவேளை', 'எப்போதும்' என்று மூன்று விடைகள். அக்கா மூக்குக்கண்ணாடியை மறந்து வந்திருந்தார். ஆகவே நான் வாசித்து, நானே அடையாளமிட்டேன்.

எட்டாவது கேள்வி: புண்ணின் மணத்தை எண்ணி, ஆட்கள் கூடும் இடங்களை நீங்கள் தவிர்த்ததுண்டா?

அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

அதற்குச் சற்று முந்திய தவக்காலத்தில்தான் கோயில் மூப்பர் வீட்டுக்கு வந்திருந்தார். "பெரிய வியாழன் பூசையில சுவாமி பாதம் கழுவி முத்தமிடுற பன்னிரண்டு பேரில உங்கட பேரும் இருக்கு" என்றார்.

"வேற ஆரையும் போடுங்கோ மூப்பர். எனக்கு அண்டைக்கு ஏலாது."

அவர் போனபின் அக்கா என்னிடம் மெல்லச் சொன்னார்: "சுவாமி குனிஞ்சு முகத்தைக் கிட்டக் கொண்டுவருவாரெடி."

பெரிய வியாழன் அன்று பக்கவாசலுக்கு வெளியே கதிரை போட்டு இருந்தோம். உள்ளே மற்றவர்களின் பாதங்களில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அக்கா தன் சேலைக் கரையை இழுத்து இழுத்துக் காலை மூடினார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும்.

"இல்லையெண்டு போடு" என்றார்.

"அக்கா..."

"போடடி. பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறாய், ஒரு கோடு போடத் தெரியாதே?"

மாணவி சிரித்தாள். நான் 'ஒருபோதும் இல்லை' என்பதில் கோடு போட்டேன். அவள் புள்ளிகளைக் கூட்டிவிட்டு, "அன்ரி நல்லாப் பழகியிட்டா. ஆகக் கூடின புள்ளி இவவுக்குத்தான்" என்றாள். திரும்பும்போது பேருந்து நிலையத்தில் வழியை மறித்து நின்ற கழுதையிடம் அக்கா, "விலத்து ராசா, முதலாம் பிள்ளை வாறன்" என்றார். வயிறு நோகச் சிரித்தோம்.

அந்தப் புள்ளிகளை நான் நம்ப விரும்பினேன். விருப்பம் எவ்வளவு வசதியானது! அதன்பின் அவர் கலியாணவீடுகளுக்கு வராதபோது நான் கேட்கவில்லை. கோயிலில் பக்கவாசல் கதிரை அவருக்கு வழமையாகிப் போனதையும் கேட்கவில்லை. பழகிவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பழகிப்போனவள் நான்.

சென்ற ஆண்டு காய்ச்சல் வந்தது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். மூன்றாம் நாள் மாலை, பார்வையாளர் நேரத்துக்கு மணி அடித்ததும் என்னிடம் கடைசியாகச் சொன்னது: "யன்னலைத் திறந்து விடடி. ஆக்கள் வருகினம்."

பெட்டியில் வைக்குமுன் வெள்ளைக் காலுறை போடவேண்டும். நான் இளஞ்சூட்டுத் தண்ணீரும் புதுத் துணிக்கட்டும் கொண்டுவந்தேன். "இனி என்னத்துக்குப் பிள்ளை?" என்று மாமி கேட்டார். அக்காவின் இரண்டு பாதங்களையும் கழுவினேன். புண்ணைத் துடைத்து, மருந்து வைத்துக் கட்டினேன். குனிந்து, முகத்தை மிகக் கிட்டக் கொண்டுபோனேன்.

பதினொரு வருடமும் முகம் சுளிக்காமல் மருந்து கட்டிய மிஸ்ஸிமாருக்கும், கடைசி வேளையில் எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்த பங்குத்தந்தைக்கும், மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சோறு கொண்டுவந்த அயலவருக்கும், பெட்டி சுமந்த தோள்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

செத்தவீட்டுக்கு வந்து அழுத மாணவியே, உமக்கும் நன்றி. அந்தத் தாள் இன்னும் உம்மிடம் இருந்தால், எட்டாவது கேள்வியில் நான் போட்ட கோட்டை வெட்டிவிடும். 'எப்போதும்' என்பதில் போடும். பிழை அக்காவுடையதல்ல. பேனை என் கையில் இருந்தது.