ஐந்தாம் தறியின் சிவப்புக் கோடு

கருமத்தம்பட்டியில் ஒரு தறி சரியாக ஓடுகிறதா என்று கேட்டால், வெங்கடபதி தறியைப் பார்க்க மாட்டார். ரோட்டிலேயே சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, காதைக் கொடுப்பார். உள்ளே எட்டுத் தறிகள் ஓடினாலும், "மூணாவது தறி வலப்பக்கம் சோம்பலாத் தள்ளுதுங்க" என்று வெளியே நின்றே சொல்லிவிடுவார். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். இதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவனுக்கு இல்லாத தலைக்கனம் வேறு யாருக்கு?

பீளமேட்டுப் பக்கம் பருத்தி விளைவித்த குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே கொங்குப் பேச்சு. பதினேழு வயதில் ஒரு மில்லில் பிட்டராகச் சேர்ந்தவர், அவிநாசி ரோடு நெடுக விசைத்தறி முளைக்கத் தொடங்கியதும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் மில் வேலையை உதறிவிட்டு ஸ்பானர் பையோடு கிளம்பிவிட்டார். நிரந்தர வேலையை விட்ட பைத்தியம் என்று மாமனார் வீட்டில் சிரித்தார்கள். இரண்டே வருஷத்தில், சூலூர் வரைக்கும் தறிக்காரர்கள் அவருக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

அவர் கெட்டிக்காரத்தனமெல்லாம் கேமில்தான். தறியின் அடியில் சுழலும் இருசில், இடக்கோடியில் ஒன்றும் வலக்கோடியில் ஒன்றுமாக, மூக்கு வைத்த இரண்டு இரும்பு வட்டுகள் இருக்கும். அவைதான் கேம். சுற்றி வந்து மூக்கால் ஓர் இடி இடித்தால் கட்டை விசிறும், குறுக்கு நூலைச் சுமந்த நாடா வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி பாயும். பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரிந்து வாய் திறந்திருக்கும் அந்தக் கண்ணிமைப்புக்குள் அது மறுகரை சேர்ந்துவிட வேண்டும். ஒரு கேம் விரற்கடை பிந்தினாலும் வாய் மூடிக்கொள்ளும். நூலில் முட்டிய நாடா, இரும்பு முனையோடு தறியை விட்டே வெளியே பறக்கும்.

இரண்டு கேமையும் நேர்ப்படுத்தியதும், கேமிலிருந்து இருசு வரைக்கும் சிவப்புப் பெயிண்டால் ஒரே கோடு இழுத்துவிடுவார். அடுத்த முறை கழற்றிப் பூட்டும்போது பாதிக் கோட்டோடு பாதிக் கோட்டைச் சேர்த்து போல்ட்டை முடுக்க வேண்டியதுதான். தறிக்குப் பத்து நிமிஷம். மற்ற பிட்டர்கள் அரை நாள் மல்லாடுவார்கள்.

அறுபத்து நாலாம் வருஷம் ஆயுத பூசை வந்தது. பொங்கியண்ணன் கொட்டகையில் எட்டுத் தறி. நிலக்கடலைக் காட்டை வைத்துக்கொண்டே தறி போட்டவர் அவர். பூசைக்கு முந்தின நாள் வெங்கடபதி எல்லா கேமையும் தளர்த்திக் கொடுத்தார். தறி ஓட்டுகிறவர்கள் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். மறுநாள் சந்தனம், குங்குமம், பொரி, கடலை. தறிகள் ஓய்ந்து கிடந்தன. அதற்கும் மறுநாள் விடியற்காலையில் அவர் வந்து, சிவப்பைச் சிவப்போடு சேர்த்து, எட்டையும் பூட்டிவிட்டு, டீ குடிக்கப் போனார்.

கிளாஸ் பாதி காலியாவதற்குள் சத்தம் கேட்டது. ஐந்தாம் தறியின் நாடா பறந்து, பக்கத்துத் தறி கரீமின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் குத்தி நின்றது. கரீமின் காது மடலில் ரத்தம். இன்னும் இரண்டு விரல் இந்தப் பக்கம் வந்திருந்தால் கண் போயிருக்கும்.

ஐந்தாம் தறியை ஓட்டியவள் ராசாத்தாள். அந்தக் கொட்டகையில் தறி ஓட்டிய ஒரே பெண். அதுவரை நாடாவுக்குள் வைக்கும் நூல் கண்டான தாரைச் சுற்றிக்கொண்டிருந்தவள், ஆள் வராத ஒரு நாளில் தறியின் கைப்பிடியைப் பிடித்தவள்தான், அப்புறம் விடவில்லை. அவள் துணியில் பழுது தேடினால் தேடுகிறவனுக்குத்தான் கண் வலிக்கும். ஆனாலும் பொங்கியண்ணன் அரை மனசோடுதான் விட்டு வைத்திருந்தார்.

"நான் அப்பவே சொன்னனில்ல. பொம்பளைக்குத் தறி ஆகாது. நாளையிலிருந்து அம்மணி தார் சுத்தவே போகட்டும்" என்றார் அவர்.

ராசாத்தாள் அழவில்லை. "என்ற கையில தப்பில்லைங்க. மேஸ்திரி பாத்துச் சொல்லட்டும்" என்றாள்.

வெங்கடபதி குனிந்து தறியின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். வலக் கேம் பிந்தி வந்தது. கோட்டைப் பார்த்தார், நேராகத்தான் இருந்தது. கட்டைவிரலால் தேய்த்தார். காய்ந்த பெயிண்டு விரலில் ஒட்டாது, இது ஒட்டியது. முகர்ந்தார். குங்குமத்தோடு கலந்த சந்தன வாசம்.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பக்தியோடு தேய்த்ததில் கேமில் இருந்த பாதிக் கோடு அழிந்து போயிருக்கிறது. ஒரு விரற்கடை தள்ளி வைத்த பொட்டு எண்ணெயில் கரைந்து கோடாக இழுபட்டிருக்கிறது. மகா கெட்டிக்காரர், குங்குமத்தைப் பார்த்து கேமைப் பூட்டியிருக்கிறார். ஒரே ஒரு தடவை கையால் சுற்றிப் பார்த்திருந்தால் போதும், அரை நிமிஷ வேலை. வாயை மூடிக்கொண்டால் இது யாருக்கும் தெரியப் போவதில்லை. அவர் பேர் நிற்கும், அவள் தார் சுற்றப் போவாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அம்மணி மேல தப்பில்லைங்க. குங்குமத்தைக் கோடுன்னு நெனச்சு நாந்தான் தப்பாப் பூட்டிப்போட்டேன்" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி.

"கோட்டைத் தேச்சு அழிச்சது நானுங்க. பொட்டும் நாந்தான் வெச்சேன்" என்றாள் ராசாத்தாள்.

"பொட்டு வெக்கறது உங்க வேலை. சுத்திப் பாக்கறது என்ற வேலை."

பொங்கியண்ணன் அசையவில்லை. "மறுக்காவும் பறந்துதுன்னா?"

வெங்கடபதி மறுபடியும் தறியடியில் குனிந்தார். இரண்டு கேமையும் தளர்த்தி, கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்து நேர்ப்படுத்தி முடுக்கினார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு போய், நாடா குத்திய சுவரோரம், அது வந்த வழியிலேயே போட்டு உட்கார்ந்தார். ஓடும் தறிக்கு நேராக எவனும் அப்படி உட்கார மாட்டான்.

"ஓட்டுங்க அம்மணி."

ராசாத்தாள் ஒரு முறை அவரைப் பார்த்தாள். கைப்பிடியைத் தள்ளினாள். நாடா இங்கும் அங்கும் ஒரே சீராக ஓடியது. நாலு தார் தீர்ந்தது. காதில் துணியை அமுக்கிக்கொண்டிருந்த கரீம், "மேஸ்திரி தினமும் இங்கயே உக்காந்துட்டா என்ற காதுக்குப் பயமில்லைங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பொங்கியண்ணன் சாப்பிடப் போனார். தார் சுற்றும் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவில்லை.

அந்த வாரமே வெங்கடபதி பெயிண்டு டப்பாவைத் தூக்கிப் போட்டார். கோவை போய் நல்ல உளி ஒன்று வாங்கி வந்து, ஊரிலிருந்த தறிகளிலெல்லாம் கேமிலும் இருசிலும் வெட்டுக்கோடு போட்டார். அப்படியும் கையால் சுற்றிப் பார்க்காமல் எதையும் முடுக்கியதில்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூசைக்கு அவர் கொட்டகைக்குள் நுழைந்தபோது, ராசாத்தாள் ஐந்தாம் தறிக்கு அடியில் குங்குமக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். கேமில் இருந்த உளிக்கோட்டின் மேலேயே, பிசகாமல், பொட்டு வைத்திருந்தாள்.

"மேஸ்திரி, இதைப் பாத்தே முடுக்கலாமுங்க" என்றாள்.

"முடுக்கலாம் அம்மணி" என்றார் வெங்கடபதி. சொல்லிவிட்டு, குனிந்து சக்கரத்தைக் கையால் சுற்றினார்.