குய்லான் போட்ட சாம்பல் ரோடு

குய்லானுக்குச் சாம்பல் என்றாலே ஆகாது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரி ஓட்டித்தான் அவள் புருஷன் இருமி இருமிச் செத்தான். அப்புறம் வயிற்றுப்பாட்டுக்கு கான்கிரீட் வேலைக்குப் போய், ஆறு பெண்கள் கொண்ட கும்பலுக்கு மேஸ்திரி ஆனாள். அவளே அந்தச் சாம்பலைக் கலந்து எங்கள் சந்தில் ரோடு போட வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டி, உனக்கு வேற வேலையே கிடைக்கலயா?" என்றேன்.

"காத்துல பறந்தாத்தான் நெஞ்சுக்குள்ள போகும் அக்கா. சிமெண்ட்டோட இறுகிட்டா காலடியில கிடக்கும். கிடக்கட்டும்."

மணலே போடாத ரோடு. பொரி உருண்டை மாதிரி உடம்பெல்லாம் ஓட்டை. மழைத் தண்ணீரை அப்படியே குடித்துவிடுமாம். வருஷா வருஷம் என் பன் கடை அடுப்பு வெள்ளத்தில் அணைகிறது, நான் எதை நம்புவது? நகராட்சிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: முதல் மழையில் தண்ணீர் தேங்காவிட்டால் மற்ற சந்துகளும் குய்லானுக்கு. தேங்கினால் ரோட்டைப் பெயர்த்துவிட்டு ஆறு பேரும் வீட்டுக்குப் போகலாம்.

எங்கள் சந்துக்காரர் பாங்கின் மகன் கல்யாணத்தன்று கொட்டித் தீர்த்தது பாருங்கள் முதல் மழை, அப்படி ஒரு மழை! சந்து முழுக்கத் தண்ணீர் சொட்டுக்கூடத் தேங்காமல் இறங்கியது. பாங் வாசலில் மட்டும் குளம். பட்டாசின் சிவப்புக் காகிதம் மிதக்க, தண்ணீர் படியைத் தொட்டது. பெண் வீட்டார் காரைவிட்டு இறங்காமல் முறைத்தார்கள். நகராட்சி அதிகாரி குடைக்குள்ளிருந்து உதட்டைப் பிதுக்கினார்.

குய்லான் தண்ணீருக்குள் கையைவிட்டுத் துழாவினாள். "வழவழன்னு இருக்கு. யாரோ மேல சிமெண்ட் பால் பூசி ஓட்டையை அடைச்சிருக்காங்க."

பாங் வானத்தைப் பார்த்தார். சம்பந்தி வரும் வாசல் அம்மைத்தழும்பு மாதிரி இருந்தால் மானம் போகுமே! எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. படுபாவி மனுஷன்!

"உன் ஆளுங்க பூசியிருப்பாங்க," என்றார் அதிகாரி. "பெயர்த்துடலாம்."

குய்லான் பாங்கைப் பார்த்தாள். சுத்தியலை எடுத்து மண்டியிட்டு அடிக்க ஆரம்பித்தாள். கல்யாண வாசலில் சுத்தியல் சத்தம்! பெண்ணின் அப்பா காரிலிருந்து பாய்ந்தார்.

"நல்ல காரியத்துல வாசலை உடைக்கிறாளே, யாரு இவ? துரத்துங்கய்யா!"

மேல்பூச்சு பொருக்காகப் பெயர்ந்தது. தண்ணீர் ஒரு சுழி சுழித்து உள்ளே இறங்கியது. அதிகாரி அப்போதும் நம்பாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பாங் புதுக் கோட்டோடு தண்ணீரில் உட்கார்ந்து அவள் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினார்.

"இவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி, சம்பந்தி," என்றார். "பூசுன மடையன் நான்."

மீதிப் பூச்சை அவரே உடைத்தார்.