ஜெர்மன் விமானியை நான்தான் வீடு சேர்த்தேன்

வராதவனை வந்துவிட்டான் என்று சொன்னேன். அதுதான் என் குற்றம். அந்த ஒரு பொய்யால் கற்பகம் என்ற பெண்ணுக்குக் கிடைக்கவேண்டிய வேலை கிடைக்காமலே போயிற்று. இதை என் மனைவியிடம்கூட இன்றுவரை நான் வாய் திறந்து சொன்னதில்லை.

நான் சொன்ன ஆள் நம் ஊர்க்காரன் அல்லன். உலகப் போரில் சண்டை விமானம் ஓட்டிய ஒரு ஜெர்மன்காரன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்... முழுவதும் கேட்டபிறகும் சிரிக்க முடிந்தால் நீங்கள் புண்ணியவான்!

எண்பதுகளில் தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். மாலையில் தண்ணீர் லாரி வரும் என்பார்கள். எத்தனை மணிக்கு என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ஆணும் பெண்ணுமாய்க் காத்துக் கிடப்போம். அந்த வரிசையில்தான் நான் கதை சொல்ல ஆரம்பித்தேன்.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. கார்ல் என்ற விமானியின் போர்க்கால வாழ்க்கை. தினமும் ஓர் அத்தியாயம் படித்துவிட்டுப் போய்ச் சொல்வேன். என்ஜினே இல்லாத கிளைடரில் அவன் பறக்கக் கற்றது, இங்கிலாந்துக் கடலுக்குமேல் பெட்ரோல் தீரத் தீரச் சண்டையிட்டுத் திரும்பியது, வீழ்த்திய ஒவ்வொரு விமானத்துக்கும் வாலில் ஒரு வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டது, ரஷ்யப் பனியில் உறைந்த என்ஜினுக்கு அடியில் நெருப்பு மூட்டி உயிர்ப்பித்தது... எல்லாம் சொன்னேன்.

"இன்னா சார், இன்னிக்கு எத்தினி பிளேனை சாச்சான் உன் ஆளு?" என்று தனபால் கிண்டலடிப்பான். அடுத்த பிளாக்கில் குடியிருந்தவன், என்னோடு வேலை பார்த்தவன். கிண்டலடிப்பானே தவிர, ஒருநாள் கதையையும் விடமாட்டான்.

ஒன்றையும் மறைக்கப்போவதில்லை. கார்ல் ஹிட்லரின் படையில் பறந்தவன் என்பதை நான் அடக்கி வாசித்தேன். அவன் சுட்டு வீழ்த்தியவர்களுக்கும் வீட்டில் ஆட்கள் காத்திருந்திருப்பார்கள் என்று ஒருநாளும் சொல்லவில்லை. கதை ருசிக்க வேண்டுமே! பொய்க்கு அங்கேயே பழகிவிட்டேன் போலிருக்கிறது.

அந்த வரிசையில் தனபாலின் தங்கை கற்பகமும் நிற்பாள். அவள் கணவன் சுந்தரமும் எங்கள் தொழிற்சாலைதான். ஒருநாள் காலை ஷிப்டுக்கென்று கிளம்பிப் போனவன் கேட்டுக்குள் நுழையவே இல்லை. ஸ்டேஷன் ஸ்டாண்டில் சைக்கிள் மட்டும் கிடைத்தது. போலீசுக்குச் சொல்லியும் ஒரு துப்பும் இல்லை. பிள்ளை இல்லாத கற்பகம் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

கதையின் கடைசி நாள் வந்தது. புத்தகத்தில் என்ன இருந்தது தெரியுமா? ரஷ்யாவில் ஒரு நாள் மேகத்துக்குள் நுழைந்த கார்ல் வெளியே வரவேயில்லை. போர் முடிந்தபின் அவன் மனைவி முகாம் முகாமாய் விசாரித்தாள். பல வருடங்கள் கழித்து, அவன் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டாள். அவ்வளவுதான் புத்தகம்.

மேகம்வரை சொல்லிவிட்டு மூச்சு விட்டேன். அதுவரை ஒரு கேள்வியும் கேட்டறியாத கற்பகம் கேட்டாள்: "அப்பால? வந்துட்டாருல்ல?"

வரிசை முழுவதும் என்னையே பார்த்தது.

"வந்தான்!" என்றேன்.

அது மட்டுமா சொன்னேன்? பத்து வருடம் ரஷ்யச் சிறையில் நிலக்கரி வெட்டினான், ஒரு காலையில் ரயிலிலிருந்து இறங்கி வந்து வீட்டுக் கதவைத் தட்டினான் என்று தடங்கலே இல்லாமல் அளந்துவிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். கற்பகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இரக்கத்தால் சொன்னேனா, கைதட்டலுக்காகச் சொன்னேனா? இரக்கம் என்றுதான் நெடுநாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

சுந்தரம் காணாமல் போய் ஏழு வருடம் முடிந்தது. அதற்குமேல் ஆள் வராவிட்டால் இறந்தவனாகவே கொள்ளலாம் என்பது சட்டம். மனைவிக்கு வாரிசு வேலை கிடைக்கும். தனபால் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டான். கற்பகத்தின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவள் போடமாட்டேன் என்றாள்.

ஒரு மத்தியானம் கேண்டீனில் தனபால் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், உன் கால்ல உய்ந்து கேக்கறேன். உசுரோட கீற மனுசனை செத்துட்டாருன்னு நானே எய்திக் குடுக்கணுமான்றா. ஜெர்மன்காரன் பத்து வருசம் கயிச்சு வரலையான்றா. நான் ரிட்டையர் ஆவப்போறேன், ஊட்டை காலி பண்ணணும். அப்பால அவ கதி இன்னா? அந்தக் கதை டூப்புன்னு சொல்லிடு சார். நெசமாவே இருந்தாலும் பரவால்ல, டூப்புன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பா."

பாவம், என்னைப் பொய் சொல்லச் சொல்வதாக நினைத்து அவன் கெஞ்சுகிறான். நான் உண்மையைச் சொன்னாலே போதுமே!

அன்று மாலையே போனேன். கற்பகம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கற்பகம், அந்தக் கார்ல் கதை இருக்கே..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கீரையைத் தள்ளி வைத்தாள். "நானே கேக்கணும்னு இருந்தேண்ணா. ஆளாளுக்கு இன்னான்னாவோ சொல்றாங்க. மெய்யாலுமே அவரு வந்தாருல்ல? புக்குல போட்டுக்குதுல்ல?"

"போட்டிருக்கு," என்றேன்.

ஏன்? ஏன் அப்படிச் சொன்னேன்? இல்லை என்றால் என் கண்முன்னே அவள் இடிந்துபோவாள் என்று பயந்தேன். அதைவிட, படித்த மனுஷன் என்று மதித்த குவார்ட்டர்ஸ் முழுக்க என்னைப் புளுகன் என்று காறித் துப்புமே என்று பயந்தேன். இரண்டாவது பயம்தான் பெரிது. இன்று அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வாசலில் தனபால் காத்திருந்தான். அவனிடம் என்ன சொன்னேன் என்று கேளுங்கள்!

"டூப்புன்னுதான் சொன்னேன் தனபால். நம்பமாட்டேங்குது."

அவன் கண் கலங்கிற்று. "நீ இன்னா சார் பண்ணுவ... அவ தலையெய்த்து," என்றான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசினால் போதும், என் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிடும். யார் கதவைத் தட்டினாலும் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத்தான் திறப்பேன். புத்தகத்தை ஆவடியில் போட்டால் யார் கையிலாவது சிக்கும் என்று பூந்தமல்லிவரை பஸ் ஏறிப் போய்ப் பழைய பேப்பர் கடையில் தள்ளிவிட்டு வந்தேன். தனபாலோ கோபத்தில் தங்கையோடு பேச்சையே நிறுத்திவிட்டான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஊமைகளாய் வளைய வந்தார்கள். அதைக் கேள்விப்பட்டு நான் என்ன செய்தேன்? அப்பாடா என்றேன்! எழுதவே கை கூசுகிறது... ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

கற்பகம் கையெழுத்துப் போட ஆபீஸில் கொடுத்திருந்த கெடு முடிந்தது, வேலை போயிற்று. தனபால் ஓய்வு பெற்று, கள்ளிக்குப்பத்தில் ஓர் ஒண்டுக் குடித்தனத்துக்குப் போனான். கற்பகம் அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தாள். தைத்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நாள் முழுக்க நின்றுகொண்டே வெட்டும் வேலை. சில வருடங்களில் தனபால் இறந்துபோனான். கடைசிவரை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அந்தச் சாவு வீட்டில், மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, இனி என்னைக் காட்டிக்கொடுக்க ஆளில்லை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. நானும் ஒரு மனிதனா!

போன மாதம் அம்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் கற்பகத்தைக் கண்டேன். ஒளிய இடம் தேடினேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். தலை நரைத்துவிட்டது. நூல் வெட்டி வெட்டிக் கண் மங்கிவிட்டதாம். தடிமனாய்க் கண்ணாடி, நெற்றியில் அதே குங்குமம்.

"அண்ணா, ரொம்ப நாளா ஒன்னு கேக்கணும்னு மனசுல கீது. அந்த ஜெர்மன்காரர் வந்தாருல்ல... அந்தம்மா அவரை திட்டுச்சா?"

பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"இல்ல, எனக்கு இப்பல்லாம் அய்கை வரல. அவரு வந்து நின்னா, இத்தினி வருசம் எங்கய்யா பூட்டேன்னு நாலு வார்த்தை நல்லா கேக்கணும்னுதான் தோணுது. கேட்டா, மறுபடி கோச்சிகினு பூடுவாரோன்னு பயமா கீது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பயப்படுவதற்கு இனி யார் இருக்கிறார்கள்? வேலை போயிற்று, அண்ணன் போனான், அவளிடம் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதையும் பிடுங்கவா? இப்படி ஒரு நியாயம் எனக்குச் சட்டென்று அகப்பட்டது. என்னைப்போன்றவனுக்கு எப்போதும் ஏதாவது ஒரு நியாயம் அகப்படும்!

"திட்டுச்சும்மா," என்றேன். "நல்லாவே திட்டுச்சு. அவன் எங்கயும் போகலை."

"அப்ப சரிண்ணா. அப்ப நானும் திட்டுவேன்," என்று சிரித்துக்கொண்டே கற்பகம் பஸ் ஏறினாள்.